டில்லி கொள்முதல்: முதலில் வழி, பிறகு விலை

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு நமதூர் மளிகைக் கடைக்காரர்கள் ஏழு பேர் ஒன்று சேர்ந்தார்கள். ஆளுக்கு ரூ.50,000 போட்டு, பாதாம், திராட்சை, அக்ரூட் வகைகளை டில்லியிலிருந்து நேரே எடுப்பது என்று முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான். சிறிய கடை தனியாகப் போனால் ரயில் செலவுக்கே கட்டாது. ஏழு கடைச் சரக்கு என்றால் கட்டும். இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். இருவரும் கணக்கில் கெட்டிக்காரர்கள். சரக்கைக் கையில் எடுத்தாலே தரம் சொல்லிவிடுவார்கள்.

அவர்கள் போய் இறங்கியது சனிக்கிழமை மாலை. ரயில் நாலு மணி நேரம் தாமதம். மறுநாள் ஞாயிறு, காரி பாவ்லி கடைத்தெரு முழுவதும் அடைப்பு. திரும்பி வருவதற்கு டிக்கெட் எடுத்திருந்ததோ திங்கட்கிழமை பிற்பகலுக்கு. என்ன செய்வது என்று தங்குமிடத்தில் விழித்துக்கொண்டிருந்தவர்களிடம், "ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் குடோன் ஒன்று இருக்கிறது" என்று ஓர் ஆள் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி எங்கெங்கோ சந்துகளில் சுற்றிக் கூட்டிப்போனான். வாங்கினார்கள். திங்கட்கிழமை காலை கிடைத்த இரண்டு மணி நேரத்தில் காரி பாவ்லிக்குப் போய் விலை கேட்டபோதுதான் தெரிந்தது, மூன்றரை லட்சத்தில் ரூ.38,000 கூடக் கொடுத்திருக்கிறோம் என்று. திராட்சைப் பெட்டிகளில் மேலடுக்கு ஒரு தரம், கீழடுக்கு ஒரு தரம்.

போன பணத்தைவிட மோசம் என்னவென்றால், ஏழு பேரும் அதன்பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சங்கக் கூட்டத்தில்கூட இரண்டு பக்கமாக உட்காருகிறார்கள். கூட்டுக் கொள்முதல் என்ற பேச்சை எடுத்தாலே கசப்பு. போய் வந்த இரு பையன்களும் திருடர்கள் அல்லர். அவர்களுக்குச் சரக்கு தெரியும், ஊர் தெரியாது. ஊர் தெரியாதவன், கூட்டிப்போகிறவன் சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும். அவன் தரகையும் சேர்த்துத்தான் விலை கொடுக்க வேண்டும். ஆகவே டில்லிக்குப் போகும் வணிகர்கள் விலை விசாரிக்கும் முன்பு அந்த ஊரின் அடையாளங்களையும் போக்குவரத்தையும் படித்துக்கொள்ள வேண்டும் என்று கருதி இதை எழுதுகிறோம்.

இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நாமும் அங்கே ஏமாந்தவர்தான்.

இரண்டு லாஹோரி கேட்

நாம் முதன்முதல் டில்லிக்குப் போனது 1986-ல், சித்தப்பாவுடன். சென்னைத் தரகர் ஒருவர் துண்டுச் சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் கடைப் பெயர், பிறகு "லாஹோரி கேட், டில்லி" என்று இருந்தது. ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்து "லாஹோரி கேட்" என்றோம். எங்களைப் பார்த்தவுடன் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தானோ என்னவோ, நேரே செங்கோட்டை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. செங்கோட்டையின் மேற்கு வாசலுக்கு லாஹோரி கேட் என்றுதான் பெயர்.

ஆனால் எங்களுக்கு வேண்டியது அது அல்ல. ஷாஜகான் கோட்டை கட்டியபோது, அதைச் சுற்றி ஷாஜகானாபாத் என்ற நகரத்தையும் கட்டி மதில் எழுப்பினான். கோட்டை வேலை 1638-ல் தொடங்கி 1648-ல் முடிந்தது. கோட்டைக்கு ஒரு லாஹோரி வாசல். நகர மதிலுக்கும் மேற்கே ஒரு லாஹோரி வாசல். நகரத்து வாசலை எப்போதோ இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் அந்த நாற்சந்திக்கு நின்றுவிட்டது. மளிகை வியாபாரி தேடிப் போக வேண்டிய லாஹோரி கேட் இந்த இல்லாத வாசல்தான்.

கோட்டை வாசலில் பெட்டியும் கையுமாக நின்ற எங்களிடம், அரைகுறைத் தமிழில் ஒருவன் "வாங்க சார், பாதாமா? நான் காட்டறேன்" என்றான். தமிழைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. "தம்பி, நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கான்டா" என்றார். அவன் பின்னால் போனோம். நூறு கிலோ பாதாம் எடுத்தோம். மறுநாள் விடிந்ததும் சும்மா நடக்கலாமென்று கோட்டையிலிருந்து நேர் மேற்கே நடந்துகொண்டே போனவர்கள், அந்தத் தெரு முடிகிற இடத்தில் காரி பாவ்லிக்குள் நுழைந்துவிட்டோம். அதே தரம், கிலோவுக்கு ஒன்பது ரூபாய் குறைவு. தொள்ளாயிரம் ரூபாய் என்பது அன்றைக்கு எங்கள் கடைப் பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம். சித்தப்பா ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை.

அந்த நடையில் ஒன்று கற்றோம். இந்த இரண்டு லாஹோரி வாசல்களுக்கு நடுவில்தான் நமக்கு வேண்டிய சந்தை முழுவதும் இருக்கிறது. கிழக்கு முனையில் செங்கோட்டை, அதிலிருந்து மேற்கே சாந்தினி சௌக் நெடுந்தெரு, அது முடியும் இடத்தில் ஃபதேபுரி மசூதி, அதற்கப்பால் காரி பாவ்லி, அதன் மேற்கு முனையில் லாஹோரி கேட் நாற்சந்தி. ஒரே நேர்கோடு. இந்தக் கோட்டை மனதில் போட்டுக்கொண்டவனை டில்லியில் யாரும் சந்து சந்தாக இழுத்தடிக்க முடியாது.

வாசல் பெயரிலேயே திசை இருப்பதையும் கவனிக்க வேண்டும். பழைய நகரத்து வாசல்கள் பெரும்பாலும் அவற்றின் வழியே வெளியேறினால் எந்த ஊருக்குப் போகலாமோ அந்த ஊரின் பெயரைக் கொண்டவை. காஷ்மீரி கேட் வடக்கே. லாஹோரி கேட் மேற்கே. அஜ்மீரி கேட் தென்மேற்கே. டில்லி கேட் தெற்கே. அந்தப் பக்கம் முந்தைய பழைய டில்லிகள் இருந்தன. துர்க்மான் கேட் மட்டும் ஒரு மகானின் பெயர். கிழக்கே கோட்டையும் அதன் பின்னால் யமுனையும். இந்த டில்லி கேட்டும் இரண்டு உண்டு, கோட்டைக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. யாராவது கேட் பெயர் சொன்னால், கோட்டை கேட்டா நகர கேட்டா என்று திருப்பிக் கேட்பது நல்லது.

தெருவில் என்ன என்ன

செங்கோட்டைக்கு முதுகைக் காட்டி மேற்கே நடப்பதாக வைத்துக்கொள்வோம். கோட்டை எதிரிலேயே இடது கையில் சிவப்பு நிற ஜைனக் கோவில் தெரியும். லால் மந்திர் என்பார்கள். வலது கைப்பக்கம் பகீரத் பேலஸ்; மின்சார சாமான்கள் மொத்த வியாபாரம். சற்று நடந்தால் இடது பக்கம் தரீபா கலான், வெள்ளி நகைத் தெரு. அதைத் தாண்டியதும் சீஸ் கஞ்ச் குருத்வாரா. குரு தேக் பகதூர் 1675-ல் உயிர்த் தியாகம் செய்த இடம். யார் போனாலும் தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டு வரலாம். கொள்முதல் அலைச்சலில் நாம் பல தடவை அங்கே பசியாறியிருக்கிறோம்.

இன்னும் நடந்தால் வலது பக்கம் பழைய டவுன் ஹால் கட்டடம். அந்த இடத்தைக் கண்டா கர் என்பார்கள், மணிக்கூண்டு என்று பொருள். அண்ணாந்து பார்த்தால் மணிக்கூண்டைக் காணோம். அது 1950-களிலேயே போய்விட்டது. டில்லிக்காரர்கள் இல்லாத வாசலையும் இல்லாத மணிக்கூண்டையும் வைத்துத்தான் வழி சொல்வார்கள். காரி பாவ்லி என்ற பெயரே அப்படித்தான். பாவ்லி என்றால் படிக்கிணறு. காரி என்றால் உப்புக் கரிப்பு. ஷாஜகான் காலத்துக்கும் முன்னால், 16-ஆம் நூற்றாண்டில் அங்கே உவர்நீர்ப் படிக்கிணறு இருந்திருக்கிறது. இன்று அதன் சுவடு இல்லை. கிணற்றைத் தேடாதீர்கள், மூக்கை நம்பிப் போங்கள். மிளகாய் நெடி வந்துவிட்டால் காரி பாவ்லி வந்துவிட்டது.

டவுன் ஹாலுக்கு எதிரே தெற்கே இறங்குவது நயி சடக், புத்தகக் கடைகள். அதற்கும் அப்பால் பல்லிமாரான், செருப்பும் மூக்குக் கண்ணாடியும். இவை நமக்கு வேண்டாம். ஆனால் பெயர்கள் தெரிந்திருந்தால் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். கல்யாணப் பத்திரிகை, பித்தளைச் சாமான் வேண்டுமானால் சாவ்டி பஜார். ஜரிகை வேண்டுமானால் கினாரி பஜார். பெண்மக்களுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஃபதேபுரி மசூதி 1650-ல் ஷாஜகானின் மனைவியரில் ஒருவரான ஃபதேபுரி பேகம் கட்டியது. நமக்கு அது எல்லைக்கல். ஆட்டோக்காரனிடமோ ரிக்‌ஷாக்காரனிடமோ "லாஹோரி கேட்" என்று சொல்லாமல் "ஃபதேபுரி" என்று மட்டும் சொல்லுங்கள். ஃபதேபுரி ஒன்றுதான் உண்டு.

கோட்டைக்கும் ஃபதேபுரிக்கும் இடையே ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர். 2021 செப்டம்பரில் அந்தத் தெருவைச் சீர்செய்து திறந்தார்கள். அதுமுதல் காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிவரை அதில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், அல்லது சைக்கிள் ரிக்‌ஷா. "உள்ளே கடை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன்" என்று பகலில் ஓர் ஆட்டோக்காரன் சொன்னால் அவன் வேறு எங்கோ கொண்டுபோகப் போகிறான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

காரி பாவ்லிக்குள்

காரி பாவ்லிச் சாலை நீளமாக இருந்தாலும் வியாபாரம் அதிலிருந்து பிரியும் முற்றங்களில்தான் நடக்கிறது. அங்கே விலாசம் படிக்கச் சில சொற்கள் தெரிய வேண்டும். கட்ரா என்றால் நடுவில் முற்றம் வைத்து ஒரே சரக்கு வியாபாரிகள் சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் வளாகம். கலி என்றால் சந்து. கூச்சா என்றால் ஒரு தொழில்காரர்கள் சேர்ந்து வாழ்ந்த குறுந்தெரு. பாடக் என்றால் பெரிய கதவு. "இன்ன கட்ரா, இன்ன எண்" என்று இருந்தால் முதலில் கட்ராவின் வாசலைக் கண்டுபிடியுங்கள். எண்ணைத் தெருவில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது.

அப்படிப்பட்டதில் பெயர்பெற்றது கடோடியா மார்க்கெட். 1920-களில் வணிகர்கள் கட்டிய கட்டடம். கீழே மிளகாயும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக இறங்கும். படியேறுகிற எவனும் இருமாமல் ஏறியதில்லை. நாற்பது வருடம் மிளகாய் மண்டியில் உட்கார்ந்த நமக்கே கண்ணில் நீர் வந்தது. பல்லேதார் என்ற மூட்டைத் தூக்கிகள் முதுகில் பாரத்தோடு ஓட்டமாக வருவார்கள். அவர்களுக்கு நிற்க முடியாது; நாம்தான் ஒதுங்க வேண்டும். குறுக்கே நின்று செல்போனில் பேசினால் இடித்துத் தள்ளிவிட்டுப் போவார்கள், கோபித்துப் பயனில்லை.

அங்கே எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மிளகும் ஏலக்காயும் நம் பக்கத்து மலைகளிலிருந்து அங்கே போகின்றன. அவற்றை அங்கே வாங்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைவிடப் பெரிய கூத்து. ஈரோட்டு மஞ்சளும் அப்படியே. சீரகம் குஜராத்தில் உஞ்ஜாவிலிருந்து வருகிறது. வேண்டிய அளவு இருந்தால் உஞ்ஜாவிலேயே எடுப்பது மேல். காஷ்மீர் அக்ரூட், ஆப்கானிஸ்தான் திராட்சை, அத்தி, பீகார் மக்கானா, ராஜஸ்தான் கசூரி மேத்தி, ராஜ்மா, அம்சூர், மாதுளை விதை, கறுப்பு உப்பு இவற்றுக்குத்தான் காரி பாவ்லி. பாதாமில் பெரும்பகுதி இப்போது அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இறக்குமதியாவது. அதற்கு மும்பை விலையையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். குங்குமப்பூவை மட்டும் முன்பின் தெரியாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

பாஸ்மதியும் பருப்பும் பார்க்க வேண்டுமானால் லாஹோரி கேட் நாற்சந்தியில் வடக்கே திரும்ப வேண்டும். அது நயா பஜார், தானிய மொத்த வியாபாரிகள் இடம். அதே நாற்சந்தியிலிருந்து தெற்கே அஜ்மீரி கேட் பக்கம் போகும் சாலை ஜி.பி. ரோடு. கீழே இரும்பு, பம்பு, குழாய்க் கடைகள். மாடிகளுக்கு வேறு பெயர். இருட்டியபிறகு சரக்குப் பணத்தோடு அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்பதற்கு மேல் எழுத விரும்பவில்லை. பத்திரிகைகளில் கடலை, கோதுமை விலைக்கு டில்லி லாரன்ஸ் ரோடு என்று போடுகிறார்களே, அது பழைய நகரத்தில் இல்லை. வடமேற்கே தள்ளி இருக்கிறது. காய்கனி மொத்தச் சந்தையான ஆசாத்பூரும் வடக்கே தூரம். இவை ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்கோடு எண் நல்ல காவல்காரன். டில்லி முழுவதும் 110 என்று தொடங்கும். கடைசி எண்களைப் பாருங்கள். 110006 என்றால் சாந்தினி சௌக், காரி பாவ்லி வட்டாரம். 110001 கன்னாட் பிளேஸ். 110005 கரோல் பாக். 110055 பஹாட்கஞ்ச். 110033 ஆசாத்பூர். 110035 லாரன்ஸ் ரோடு. "நாங்கள் காரி பாவ்லிக் கடை" என்று சொல்லிவிட்டு பில்லில் வேறு எண் இருந்தால் காரணம் கேளுங்கள். ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில்லில் அனுப்பும் இடம் எழுத வேண்டும். பில்லில் ஒரு விலாசம், சரக்கு ஏறியது வேறு இடம் என்றால் வழியில் பிடிபடுகிறவர் விற்றவர் அல்ல, வாங்கிய நாம்தான்.

விலை பேசும்போது அவர்களுடைய அரை, கால் கணக்கு தெரியாமல் தலையாட்டக் கூடாது. சவா சௌ என்றால் 125. டேட் சௌ 150. பௌனே தோ சௌ 175. டாயி சௌ 250. சாடே தீன் சௌ 350. ஆனால் பௌனே தீன் சௌ 275. சாடே என்றால் அரை கூட்டு, பௌனே என்றால் கால் கழி. கடைசியில் வரும் "சௌ" மட்டும் காதில் விழுந்து, நூறு என்று நினைத்து ஆட்டோவில் ஏறியவர்கள் நம்மில் பலர்.

எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம்

டில்லியில் பல ஸ்டேஷன்கள். நம்மவர்களுக்கு மூன்று தெரிந்தால் போதும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போய்ச் சேருவது புது டில்லி ஸ்டேஷன். கன்னியாகுமரியிலிருந்து போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸும், மதுரையிலிருந்து போகும் சம்பர்க் கிராந்தியும் ஹஜ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனில் நின்றுவிடும். பழைய டில்லி ஸ்டேஷன் மூன்றாவது. அது சாந்தினி சௌக்குக்குப் பக்கத்தில் இருந்தாலும் நம் வண்டிகள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. திரும்பும்போது டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று போட்டிருக்கிறது என்பதை முதல்நாள் இரவே படித்துவிடுங்கள். புது டில்லியில் போய் நின்றுகொண்டு நிஜாமுதீன் வண்டியைத் தேடியவர்கள் உண்டு.

புது டில்லி ஸ்டேஷனுக்கு இரண்டு முகம். ஒன்றாம் பிளாட்பாரம் பக்கம் பஹாட்கஞ்ச். லாட்ஜுகள் அங்கே, கூவி அழைக்கும் ஆட்களும் அங்கே. பதினாறாம் பிளாட்பாரம் பக்கம் அஜ்மீரி கேட், மெட்ரோ அங்கே. கூப்பிடுகிறவர்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் மேம்பாலத்தில் ஏறி அஜ்மீரி கேட் பக்கம் இறங்குங்கள். அங்கிருந்து மஞ்சள் பாதை மெட்ரோவில் காஷ்மீரி கேட் திசையில் ஏறினால் முதல் நிறுத்தம் சாவ்டி பஜார், இரண்டாவது சாந்தினி சௌக். இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் ஃபதேபுரி. விமானத்தில் வருகிறவர்களுக்கும் விமான நிலைய மெட்ரோ இதே அஜ்மீரி கேட் பக்கத்தில்தான் கொண்டுவந்து விடும்.

நிஜாமுதீனில் இறங்குகிறவர்கள் நேரே காரி பாவ்லிக்கு ஆட்டோ பேச வேண்டாம். தூரம் அதிகம், வழியில் நெரிசல். ஜங்புரா மெட்ரோவரை ஆட்டோவில் போய், அங்கே வயலட் பாதையில் ஏறி லால் கிலா நிறுத்தத்தில் இறங்கினால் செங்கோட்டை எதிரில் நிற்பீர்கள். பிறகு நாம் மேலே சொன்ன நடைதான்.

டில்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. மஞ்சள் பாதை சாந்தினி சௌக் வழியாக 2005-ல் வந்தது. அதற்கு முன் நாம் பட்ட பாட்டையும், பஸ்ஸில் பறிகொடுத்த பர்ஸையும் இப்போது சொன்னால் கதை போல இருக்கும். மெட்ரோவில் பையை எக்ஸ்ரே பெட்டியில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். மூட்டை முடிச்சுக்கு அனுமதி இல்லை; சாம்பிள் பை போகும், சரக்கு போகாது. நிறுத்தங்களின் பெயரில் கொஞ்சம் குழப்பம் உண்டு. கன்னாட் பிளேஸ் என்று ஊரே சொல்லும் இடத்துக்கு மெட்ரோவில் பெயர் ராஜீவ் சௌக். பிரகதி மைதானத்துக்கு சுப்ரீம் கோர்ட் என்ற நிறுத்தம். அந்த மைதானத்தில் நவம்பர் 14 முதல் 27 வரை இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடக்கும். ஆஹார் என்ற உணவுப் பொருள் கண்காட்சியும் அங்கேதான். 2023-ல் திறந்த பாரத் மண்டபம் அந்த வளாகத்துக்குள் இருக்கிறது. பொட்டலமிடும் இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் ஆஹார் சமயத்தில் போனால் ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடியும்.

புது டில்லியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 1911-ல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்து, 1931-ல் திறந்துவைத்த வெள்ளைக்காரன் ஊர் அது. அங்கே சாலைகள் அகலம், கடை கிடையாது, நடந்தால் கால் போய்விடும். அடையாளத்துக்கு இந்தியா கேட். அதிலிருந்து ராஷ்டிரபதி பவன்வரை நேரே போகும் சாலைக்கு 2022 முதல் கர்த்தவ்ய பாதை என்று பெயர். முந்தைய பெயர் ராஜ்பாத். அமைச்சக அலுவலகங்களுக்கு மனுக் கொடுக்கப் போகிற சங்க நிர்வாகிகள், 2025-லிருந்து பல அலுவலகங்கள் புதிய கர்த்தவ்ய பவன் கட்டடங்களுக்கு மாறி வருவதால், பழைய கடிதத்தில் உள்ள விலாசத்தை நம்பிப் போகாமல் போனில் கேட்டுக்கொண்டு போவது நலம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை அலுவலகம் கோட்லா ரோட்டில், ஐ.டி.ஓ. மெட்ரோ அருகில். சாமி கும்பிட ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் என்ற சுவாமிநாத சுவாமி கோவில் இருக்கிறது. குதுப்மினார், தாமரைக் கோவிலெல்லாம் குடும்பத்தோடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நாளும் நேரமும்

நம் கடைகள் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அங்கே பத்து, பத்தரைக்கு மேல்தான் முதலாளி வந்து உட்காருவார். ஆறு மணிக்குப் போய் நின்றால் டீக்கடைக்காரனைத்தான் பார்க்கலாம். வார விடுமுறை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. காரி பாவ்லி, சாந்தினி சௌக், சதர் பஜார் ஞாயிறு அடைப்பு. கரோல் பாக் திங்கள். சென்னையில் சனிக்கிழமை இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஞாயிறு முழுவதும் வண்டியில் கழிந்து திங்கள் காலை இறங்கலாம். அடைப்பு நாள் ரயிலிலேயே போய்விடும். வாரம் முழுவதும் கையில் இருக்கும்.

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டிய நாட்களில் போகக் கூடாது. கோட்டையைச் சுற்றித் தடுப்பு போட்டுவிடுவார்கள். டில்லி ஸ்டேஷன்களில் பார்சல் ஏற்றுவதைச் சில நாட்களுக்கு நிறுத்திவைப்பதும் உண்டு. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி. ரயில் பத்து மணி நேரம் தாமதம் என்பது அங்கே செய்தியே அல்ல. திரும்பும் டிக்கெட்டை நெருக்கமாக எடுத்தால், நம் பையன்களுக்கு ஆனது போல, கடிகாரம் நம் சார்பில் விலை பேசும்.

லாரிகள் பகலில் நகருக்குள் வரத் தடை உண்டு. ஆகவே பகலில் பேசி முடித்த சரக்கு தள்ளுவண்டியில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் போய், இரவில்தான் லாரி ஏறும். பணம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று லாட்ஜுக்குப் போய்ப் படுக்க வேண்டாம். கடையிலிருந்து மூட்டை இறங்கும்போது எண்ணி, நம் அடையாளத்தை மையில் போட்டு, தள்ளுவண்டியோடு ஓர் ஆள் கூடவே நடந்து, அவர்கள் பில்டி என்று சொல்லும் லாரி ரசீதைக் கையில் வாங்கிய பிறகு போனால் போதும். கூட்டுக் கொள்முதல் என்றால் கட்டாயம் இருவர் போக வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒருவர் சரக்கோடு, ஒருவர் பணத்தோடு.

முதல் நாள் எதையும் வாங்காமல் நடப்பது நம் வழக்கம். செங்கோட்டையில் தொடங்கி லாஹோரி கேட் நாற்சந்திவரை ஒரு நடை. திரும்பி வரும்போது ஐந்து கடைகளில் ஒரே சரக்குக்கு விலை, ஐந்து சாம்பிள், ஒவ்வொரு பொட்டலத்திலும் கடைப் பெயரும் கட்ரா பெயரும். இரவு அறையில் விரித்து வைத்துப் பார்த்தால் யாரிடம் மறுநாள் உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு நாள் லாட்ஜ் வாடகை வீண் என்று சித்தப்பா முணுமுணுத்ததுண்டு. 1986-க்குப் பிறகு அவரும் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

அந்த ஏழு பேரில் ஐவர் மறுபடியும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். போன தடவை போய்வந்த இரு பையன்களையே அனுப்புவது என்றும், கூட நாமும் போவது என்றும் முடிவாகியிருக்கிறது. பஹாட்கஞ்ச் பக்கம் அறை எடுக்கவில்லை. சனிக்கிழமை இரவு வண்டி, திரும்ப வெள்ளிக்கிழமை டிக்கெட். மீதி இருவரும் சேர விரும்பினால் அடுத்த சங்கக் கூட்டத்துக்குள் பணம் கட்டிச் சொல்லட்டும்.